கோபுரத்துக்கும் கொடுத்தார்கள், நெய்க்கும் கொடுத்தார்கள்

எங்கள் ஊர் அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரம் 11 நிலை, 217 அடி. கிருஷ்ணதேவராயர் தொடங்கியதைத் தஞ்சை செவ்வப்ப நாயக்கர் முடித்தார். ஆயிரங்கால் மண்டபமும் குளமும் ராயர் செய்வித்தவை என்று 1516-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து பார்ப்பது இந்தப் பெரிய திருப்பணிகளை.

என் கண் போவது விளக்குக் கொடைகள் மேல். சோழர் காலத்தில் அணையாமல் எரியும் ஒரு நந்தாவிளக்குக்கு வழக்கமாக 96 ஆடு விடுவார்கள். அவற்றை ஏற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்புவது அவர் பொறுப்பு. சாவா மூவாப் பேராடு என்றே கல்வெட்டுகள் அவற்றைக் குறிக்கின்றன. விளக்கைக் கொடுத்தவர் அது தினமும் எரியவும் வழி செய்துவிட்டுத்தான் போனார்.

இந்த ஊர் அலுவலகங்களுக்கு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் நான்; அப்படி வழி செய்வதை அங்கே காணோம். ஓர் அலுவலகத்தில் புதுக் கணினிகள் வந்தன. சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டிப் போட்டோவும் எடுத்தார்கள். பழைய வரவுசெலவுக் கோப்பைத் திறந்தால் தமிழே இல்லை, ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கிடந்தது. கணக்கு யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவில் இருந்தது. 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டின்போதே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. ஆனால் பழைய கோப்புகளை மாற்றித் தரும் வேலைக்கு அந்த அலுவலகத்தில் ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லை. ஊழியர்கள் ராத்திரி வரை உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக மறுபடி தட்டினார்கள்.

கணினி மேல் பெயின்டில் எண் எழுதி ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏற்றலாம். தணிக்கைக்கு வருகிறவர் தொட்டுப் பார்க்கலாம். நிரலைத் திருத்துகிறவரின் உழைப்பை எந்தத் தலைப்பில் எழுதுவது? ஐ.நா.வின் தேசியக் கணக்கு முறையே மென்பொருளை முதலீடாகச் சேர்த்தது 1993-ல்தான்.

கணினி வாங்கும் உத்தரவிலேயே, ஆண்டுதோறும் மென்பொருளைத் திருத்திப் பராமரிக்கும் தொகையும் இருக்க வேண்டும். கோயில் கட்டளைபோல, முதலைத் தொடாமல் வட்டியில் நடக்கும் வைப்பு நிதியாக இருந்தால் இன்னும் நல்லது. அதிகாரி மாறினாலும் அந்த வேலை நிற்காது.