தாயமும் தாயும்

மரபு விளையாட்டுகளை மீட்கப் புறப்பட்டவர்களின் மேடைகளில் ஒரு சொல்விளக்கம் தவறாமல் ஒலிக்கிறது. தாயம் என்ற சொல் தாயிடமிருந்து பிறந்ததாம். வீட்டிலிருந்த தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிவைத்து ஆடியதால் அந்தப் பெயராம். கேட்பவர்கள் நெகிழ்ந்து கைதட்டுகிறார்கள். குடும்பமாக உட்கார்ந்து ஆடுங்கள் என்று சொல்வது நல்ல காரியம். அதை நானும் எங்கும் சொல்வேன். அதற்காக ஒரு பழஞ்சொல்லின் வரலாற்றைத் திரிக்க வேண்டியதில்லை. உண்மையான வரலாறு அந்த நல்ல காரியத்துக்கே இன்னும் வலுவான துணை.

சற்றுப் படித்தவர்கள் வேறு வழியில் இதே முடிவுக்கு வருகிறார்கள். பண்டைத் தமிழகம் தாய்வழிச் சமூகம், சொத்து தாய்வழி இறங்கியது, ஆகவே அந்தச் சொத்துரிமை தாயம் எனப்பட்டது என்பது அவர்கள் வாதம். தாய்வழிச் சமூகம் இருந்ததா என்பது தனி ஆராய்ச்சி. அதற்குத் தாயம் என்ற சொல்லைச் சாட்சிக்கு இழுப்பதைத்தான் மறுக்கிறேன்.

புறநானூற்றின் 75ஆம் பாட்டைப் பாருங்கள். பாடியவன் சோழன் நலங்கிள்ளி. முன்னோர் மாய்ந்தபின் முறையாகத் தன்னிடம் வந்து சேர்ந்த அரசுரிமையை அவன் தாயம் என்கிறான். பட்டினப்பாலையில் கரிகாலன் சிறைக்காவலைக் கடந்து அடைந்ததும் தாயமே. இரண்டும் சோழர் அரியணை. தந்தைவழி இறங்கிய அரியணைக்குத் தாயின் பெயரை ஏன் வைத்தார்கள் என்று இவர்கள் விளக்குவதே இல்லை.

மலையாளம் இந்த வழக்கை ஒரே சொல்லால் தீர்த்துவிடுகிறது. அங்கே மருமக்கத்தாயம் என்றும் மக்கத்தாயம் என்றும் இரண்டு முறைகள் இருந்தன. முதலாவதில் மாமன் சொத்து மருமக்களுக்கு இறங்கியது. இரண்டாவதில் தகப்பன் சொத்து பிள்ளைகளுக்கு இறங்கியது. தாயம் தாயிலிருந்து வந்திருந்தால் மக்கத்தாயம் என்ற சொல் எப்படிப் பிறக்கும்? தகப்பன்வழிக்கும் தாயம், தாய்வழிக்கும் தாயம் என்றால் அந்தச் சொல்லுக்குத் தகப்பனும் பொருளில்லை, தாயும் பொருளில்லை. அதன் பொருள் உரிமை, பங்கு. வழி எது என்பதை முன்னால் நிற்கும் சொல்தான் சொல்கிறது. நாஞ்சில் நாட்டார் அதே முறையைத் தமிழில் மருமக்கள்வழி என்றார்கள். கவிமணி தம் நூலுக்கு மருமக்கள்வழி மான்மியம் என்றுதான் பெயர் வைத்தார். தாயம் நின்ற இடத்தில் 'வழி' நிற்கிறது. தாய் எங்கேயும் இல்லை.

வேர் என்ன என்று கேட்பார்கள். பங்கிடுதலைக் குறிக்கும் வடசொல் தாய என்பது. பங்குக்கு உரியவன் தாயாத. நம் தாயாதி அங்கிருந்து வந்ததே. சங்கச் செய்யுளிலேயே ஊறிப்போன சொல்லை வடக்கிலிருந்து வந்தது என்று ஒப்புவதில் தமிழுக்கு ஒரு குறையும் இல்லை. 'தா' என்ற கொடை வேரிலிருந்து காட்ட முயல்வோருக்கு ஒன்று மட்டும் சொல்வேன். தொல்காப்பியப் பொருளியல் தாயத்தால் அடைவதையும் ஈதலால் செல்வதையும் தனித்தனியே வைத்துப் பேசுகிறது. கொடை வேறு, தாயம் வேறு. ஒருவர் மனமிரங்கிக் கொடுத்து வருவதன்று தாயம். கேட்காமலே நமக்கு உரியது.

இனி ஆட்டத்துக்கு வருவோம். இங்கே எதிர்த்தரப்பு இன்னும் வலுவானது. சொல்லறிந்தவர்கள் நிற்கும் தரப்பு. ஆட்டத்தின் தாயமும் சொத்தின் தாயமும் வெவ்வேறு சொற்கள், ஆட்டத்துத் தாயம் ஆயம் என்பதன் திரிபு என்பது அவர்கள் கொள்கை. அவர்களுக்கு வள்ளுவர் துணை உண்டு. சூது அதிகாரத்தில் 933ஆம் குறளில் உருளாயம் வருகிறது. உருளும் சூதுக்கட்டையாகிய கவற்றில் கிடைக்கும் ஆதாயம். கலித்தொகை 136ஆம் பாட்டில் வித்தாயம் வருகிறது. இதை வி என்றும் தாயம் என்றும் பிரித்துப் பார்த்து, இதோ தாயம் என்று மகிழ்பவர்களும் உண்டு. அதே பாட்டில் சிறுவித்தம் என்றும் வருவதை அவர்கள் கவனிப்பதில்லை. வித்தம் என்பது அங்கே கவற்றின் வீழ்ச்சி. வித்தத்தோடு ஆயம் சேர்ந்ததே வித்தாயம். தகரம் வித்தத்துக்கு உரியது, ஆயத்துக்கு உரியதன்று.

ஆயம் என்ற சொல்லுக்குத்தான் எத்தனை வாழ்க்கை! தலைவியைச் சூழ்ந்த தோழியர் கூட்டம் ஆயம். துறையில் வாங்கிய சுங்கம் ஆயம். வருவாய் ஆயம். சூதாடியின் ஆதாயமும் ஆயம். அக்குறளுக்கு அருகிலேயே 935இல் கழகம் என்ற சொல் நிற்கிறது. அங்கே அது சூதாடும் களம். பிற்காலத்தில் அது கற்றோர் அவைக்கும் கட்சிக்கும் பெயராயிற்று. சொற்கள் தடம் மாறும் என்பதற்கு இது போதும். ஆனால் தடம் மாறுவதற்கும் ஒரு முறை வேண்டும். ஆயத்தின் முன்னால் ஒரு தகரம் வந்து ஒட்டிக்கொள்ள எந்த இலக்கணமும் இடம் தரவில்லை.

இலக்கணத்தைவிட ஆட்டமே அந்தக் கொள்கையை வன்மையாக மறுக்கிறது. சொல்லாராய்கிறவர்கள் ஒரு முறை தரையில் உட்கார்ந்து கட்டையை உருட்டிப் பார்க்க வேண்டும். விரலளவு நீளமுள்ள இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம். ஒரு பக்கம் வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்து விட்டால் தரையில் கிணுகிணுத்து ஓடி நிற்கும். இரண்டும் வெறுமையானால் பன்னிரண்டு. ஒன்றில் ஒற்றைப் புள்ளி, மற்றதில் வெறுமை என்றால் தாயம். பதினாறு விதமாக விழக்கூடிய கட்டைகளில் இரண்டே விதம் தாயம் தரும். கட்டை இல்லாத வீட்டில் ஒரு பக்கம் தேய்த்து வெளுக்கவைத்த நான்கு புளியங்கொட்டை. அவற்றில் ஒன்று மட்டும் வெள்ளை காட்டினால் தாயம். கருவி மாறினாலும் தாயம் ஒன்றே.

கணக்குப்படி பார்த்தால் ஒன்று என்பது ஆகச் சிறிய விழுக்காடு. பன்னிரண்டு பெரிய ஆதாயம். ஆறும் ஐந்தும் நல்ல ஆதாயம். ஆதாயம்தான் பொருள் என்றால் அந்தப் பெயர் பன்னிரண்டுக்கல்லவா போயிருக்க வேண்டும்? கலித்தொகைப் பாட்டில் பத்து விழுந்தவன் மகிழ்கிறான், சிறுவித்தம் இட்டவன் துயர்ப்படுகிறான். கவற்றாட்டத்தின் இயல்பு அது. நம் ஆட்டத்தில் ஒன்று விழுந்தால் வீடே ஆர்ப்பரிக்கிறது. கவறாடியவன் அழுத இடத்தில் தாயம் ஆடுகிறவர் சிரிக்கக் காரணம் என்ன? காரணம் ஒரே ஒரு விதி. தாயம் போட்டால்தான் காய் இறங்கும்.

பன்னிரண்டு பன்னிரண்டாக உருட்டித் தள்ளினாலும் தாயம் விழாதவருக்குக் கட்டத்துக்குள் இடமில்லை. விழுந்துவிட்டால் அவர் முன்னால் உள்ள மலையில், அந்தப் பெருக்கல் குறியிட்ட கட்டத்தில், அவருடைய காய் பிறக்கிறது. அங்கே இருக்கும்வரை யாரும் அதை வெட்ட முடியாது. வெளியே போய் வெட்டுப்பட்டால் காய் கைக்குத் திரும்பும். மறுபடி தாயம் போட்டுத்தான் பிறக்க வேண்டும். கட்டத்துக்குள் நுழையும் உரிமை, அங்கே ஓர் இடம், சுற்றில் ஒரு பங்கு ஆகிய மூன்றையும் தரும் விழுக்காட்டுக்கு உரிமை என்று பொருள்படும் சொல்லைத் தவிர வேறு எதை வைப்பார்கள்? நலங்கிள்ளிக்கு அரியணையில் இருந்த அதே உரிமை, ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் ஒரு பிள்ளைக்கு இருக்கிறது. இரண்டும் ஒரே சொல்.

எந்த விழுக்காட்டையும் தாயம் என்று பொதுவாகச் சொல்லும் வழக்கும் உண்டே என்பார்கள். உண்டு. பாரதி பாஞ்சாலி சபதத்தில் சூதாட்டத்தையே தாயம் உருட்டல் என்றான். ஆட்டத்தில் தலையாயதன் பெயர் ஆட்டம் முழுவதற்கும் பரவுவது மொழியில் இயல்பு. பாரதி அந்தச் சொல்லை ஆண்ட இடம் என் பக்கத்துக்கே சாட்சி. அங்கே மோதும் தரப்பினர் யார்? தாயாதிகள். பணயம் எது? தாயம். அரசுப்பங்கைப் பறிக்கத் தாயாதிகளுக்காக உருட்டிய கட்டைக்குத் தாயம் என்ற பெயர் எவ்வளவு பொருத்தம்!

இந்த ஆட்டம் வீட்டுக்கு வந்த கதையையும் சொல்லவேண்டும். பழைய நூல்கள் காட்டும் ஆட்டங்களில் ஒவ்வொன்றுக்கும் களமும் தனி, ஆடுபவரும் தனி. வல்லு ஆண்களின் ஆட்டம், அதிலும் முதியோர் ஆட்டம். தொல்காப்பியர் வல் என்ற சொல்லோடு நாயும் பலகையும் சேரும்போது வல்லநாய், வல்லப்பலகை ஆகும் என்று விதி எழுதுகிறார். நாய் என்பது ஆட்டக்காயின் பெயர். பலகை அதன் களம். புறநானூறு 52இல் மருதன் இளநாகனார் பாழான ஒரு பொதுமன்றத்தைக் காட்டுகிறார். நரைத்த முதியவர்கள் நாயை இட்டு இட்டுக் குழிந்துபோன இடத்தில் காட்டுக்கோழி முட்டையிட்டிருக்கிறது. எத்தனை காலம் ஆடினால் களம் அப்படிக் குழியும்! ஆனால் அந்த மன்றத்தில் பெண்ணும் இல்லை, பிள்ளையும் இல்லை. பெண்பிள்ளைகள் வேறிடத்தில் மணலில் கழங்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கழங்குக்கு ஆன கழற்சிக்காயை நினைத்தால், ஆடுபொருளுக்குக் காய் என்ற பெயர் எப்படி நின்றது என்பதும் தெளிவாகிறது. நாய் போய்க் காய் வந்ததை எழுத்துத் திரிபு என்று சொல்ல வேண்டியதில்லை. கையில் இருந்தது உண்மையிலேயே காய்தான். கீழடியில் சுடுமண் ஆட்டக்காய்களும் பகடையும் கிடைத்ததை 2019இல் வெளியான அகழாய்வு அறிக்கைக்குப் பின் எல்லோரும் அறிவோம். கவறும் காயும் நம்மிடம் புதியவை அல்ல.

மன்றத்து முதியவரையும் மணலில் ஆடிய பெண்பிள்ளையையும் ஒரே தரையில் உட்காரவைத்தது தாயக்கட்டம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் ஆடும் வீடுகளைப் பாருங்கள். பாட்டி, பேரன், மருமகள், விருந்துக்கு வந்த சித்தப்பா எல்லோரும் ஒரு சுற்று. அங்கும் தாயம் விழுந்த பிறகே பயணம். பாட்டி என்பதற்காக அவர் காய் தானாக இறங்காது. சின்னப்பிள்ளை என்பதற்காக அவன் முறை தாண்டிப்போகாது. தாயம் விழாமல் உதடு பிதுக்கிக்கொண்டிருக்கும் ஏழு வயதுப் பேரனும், ஏழெட்டுச் சுற்றாகக் காய் இறங்காமல் உட்கார்ந்திருக்கும் தாத்தாவும் அந்த வேளையில் ஒரே தகுதி உடையவர்கள். வீட்டில் வேறெந்த வேளையிலும் இந்தச் சமநிலை கிடைப்பதில்லை. சோறு பரிமாறுவதில்கூட முன்பின் உண்டு.

இறங்கிய காய் வெளிச்சுற்றை முடித்து, ஒருவரையாவது வெட்டி, உட்சுற்றில் புகுந்து நடுக்கட்டத்தை அடைந்தால் அதைப் பழம் என்கிறோம். காயாகப் பிறந்தது பழமாக முடிகிறது. கழகத்துச் சூதில் கைப்பொருள் போகும், பகை மூளும். அதனால்தான் வள்ளுவர் அதை ஓர் அதிகாரம் முழுவதும் கடிந்தார். வீட்டுத் தாயத்தில் பணயம் இல்லை. தம்பி காயை வெட்டிய அக்காள், அவன் முறை வந்ததும் அவனிடமே கட்டையை எடுத்துக் கொடுத்தாக வேண்டும். பங்குக்காகப் பகைத்த தாயாதிகளின் சொல்லை எடுத்து, பங்கு எல்லோருக்கும் உண்டு என்று பிள்ளைகளுக்குப் பழக்கும் ஆட்டத்துக்கு வைத்தவர்கள் நம் முன்னோர்.

ஆகவே, தாயம் தாயிடமிருந்து வரவில்லை, ஆயத்திலிருந்தும் வரவில்லை. தாயம் என்றால் உரிமை. கூடத்தில் கட்டம் வரைந்து உட்காரும் ஒவ்வொருவருக்கும் அந்த வீட்டில் உள்ள பங்குக்கு அது பெயர். தாய்க்கும் அதில் ஒரு பங்கு உண்டு. அடுக்களையிலிருந்து அவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கட்டையைக் கையில் கொடுப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை. அவர் பெயரால் ஒரு பொய்வேர் காட்டுவதில் அந்த மரியாதை இல்லை. இந்தப் பொருளை மறுப்பவர்கள் வேறு வேர் காட்டட்டும். அந்த வேர், ஒன்று விழுந்தால் ஏன் காய் இறங்குகிறது என்பதற்கு விடை சொல்லவேண்டும். சொல்லாதவரை தாயம் உரிமையே.