சிமுலேட்டர்வழிப் படைக்குழு மதிப்பீடு

கப்பல், டாங்கி, விமானம் போன்றவற்றை இயக்கும் குழுவின் திறமையைக் கணினி உருவாக்கும் சூழலில் சோதிக்கும் முறை. ஒருவரது கைத்திறனோடு, ஆணையிடுபவரும் அதை நிறைவேற்றுபவரும் இணைந்து செயல்படும் விதமும் இதில் கணிக்கப்படுகிறது.

கேரளத்தில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, கொச்சியில் இந்தியக் கடற்படையின் தெற்குக் கட்டளையகத்தில் உள்ள ‘துருவ்’ ஒருங்கிணைந்த சிமுலேட்டர் வளாகம். பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் 2023 ஜூன் 21 அன்று இதைத் திறந்துவைத்தார். கப்பல் செலுத்தும் சிமுலேட்டர், ஹெலிகாப்டர் கட்டுப்பாட்டுச் சிமுலேட்டர், விண்மீன்களைக் கொண்டு திசையறியப் பழக்கும் குவிமாடம் ஆகியவை இங்குள்ளன.

இத்தகைய சிமுலேட்டரில் பயிற்சியாளர் விசையைத் தட்டினால் மூடுபனி கவியும். குறுக்கே மீன்பிடிப் படகு வரும். அதிகாரி அதை ரேடாரில் எப்போது கவனித்தார், சுக்கானைத் திருப்பச் சொல்ல எத்தனை நொடி எடுத்தார், சுக்கான் பிடித்தவர் ஆணையைத் திருப்பிச் சொன்னாரா என்பதெல்லாம் பதிவாகும். பிறகு குழு முழுவதும் அமர்ந்து அந்தப் பதிவை அலசும்.

பல டாங்கிக் குழுக்களை ஒரே கணினி வலையமைப்பில் மோதவிட்ட முன்னோடி, 1980களில் அமெரிக்கா உருவாக்கிய ‘சிம்நெட்’.

 

உண்மையான அலையின் குலுக்கலையும் உயிரச்சத்தையும் சிமுலேட்டர் முழுமையாகத் தராது. ஆகவே கடற்பயிற்சிக்கு முந்தைய படியாகவே இது பயன்படுகிறது.