எழுந்து நடக்க இடமுள்ள பாடம்: பழைய சித்தூர் மாவட்டத்துப் பலவகுப்புப் பள்ளிகளை முன்வைத்து

ஓரிடத்தில் நிலைகொள்ளாத குழந்தையை எதில் உட்கார வைப்பது என்ற கேள்விக்குச் சிறப்புக் கல்வித் துறை பெரும்பாலும் தளவாடங்களையே விடையாகத் தருகிறது: காற்றடைத்த பந்து, அசையும் முக்காலி, நின்றபடி எழுதும் மேசை. பந்து இருக்கை பற்றிய ஆய்வுகள் பலவும் சில மாணவர்களை மட்டும் வைத்து நடந்தவை; அவற்றின் முடிவுகளும் ஒத்துப்போகவில்லை. இருக்கையை மாற்றுவதைக் காட்டிலும், எழுந்து நடப்பதைப் பாடத்தின் உறுப்பாக்குவதே அக்குழந்தைக்கு உதவும் என்பது என் வாதம். அதற்கான சான்று பழைய சித்தூர் மாவட்டத்திலேயே உள்ளது.

மதனப்பள்ளிக்கு அருகில் ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷி வேலி பள்ளி, 1980களில் சுற்றுவட்டக் கிராமங்களில் சிறு பள்ளிகளைத் தொடங்கியது. (2022 ஏப்ரலில் நடந்த மாவட்டப் பிரிப்பில் இப்பகுதி சித்தூரிலிருந்து அன்னமய்யா மாவட்டத்துக்குப் போனது.) அப்பள்ளிகளில் பணியாற்றிய கல்வியாளர்கள் பத்மநாப ராவும் ரமாவும் அங்கே எதிர்கொண்டது கவனக்குறைவுச் சிக்கலை அல்ல, ஓராசிரியர், ஓர் அறை, பல வகுப்புகள் என்ற நிலைமையை. பாடநூலைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து அதற்கு விடை கண்டார்கள்.

அந்த வகுப்பறையில் ஒரு பாடவேளையைக் கவனித்தால் என் வாதம் விளங்கும். சுவரில் ஏணி வரைபடம். ஒவ்வொரு படியிலும் ஒரு சின்னம். குழந்தை எழுந்து போய்த் தன் படியைப் பார்க்கிறது. அலமாரியில் அதே சின்னமுள்ள தட்டிலிருந்து அட்டையை எடுக்கிறது. அந்தச் செயலுக்குரிய குழுவில் போய் அமர்கிறது. ஒரு குழுவில் ஆசிரியர் இருப்பார், இன்னொன்றில் சக மாணவர் துணை, வேறொன்றில் தனியாகவே வேலை. முடித்ததும் அட்டையைத் திரும்ப வைத்துவிட்டு மீண்டும் ஏணிக்கு. நடக்காமல் அடுத்த படிக்குப் போக வழியில்லை. இங்கே எல்லோருமே எழுவதால், எழுந்த குழந்தை குற்றவாளியாவதில்லை. ஒரு பிள்ளைக்கு மட்டும் தனி நாற்காலி கொடுத்தால் அவன் தனித்துத் தெரிவான். இங்கே அந்த அடையாளம் விழ இடமே இல்லை. இதுவே இம்முறையின் மிகப் பெரிய பலம் என்று கருதுகிறேன்.

உளவியலும் இதற்குத் துணைநிற்கிறது. சார்வர், ராப்போர்ட் உள்ளிட்டோர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், கவனக்குறை மிகையியக்கக் கோளாறு உள்ள சிறுவர்கள் அதிகம் அசைந்தபோது அவர்களின் செயல்நினைவு மேம்பட்டிருந்தது. கோளாறு இல்லாத சிறுவர்களிடம் போக்கு நேரெதிர். அப்படியானால், 'ஆடாமல் உட்கார்' என்ற கட்டளை அக்குழந்தை சிந்திக்கக் கைக்கொள்ளும் வழியையே அடைத்துவிடக்கூடும்.

ரிஷி வேலியின் இந்த அட்டை முறை 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்தது; ஐ.ஏ.எஸ். அதிகாரி எம். பி. விஜயகுமாரின் முயற்சியில் செயல்வழிக் கற்றலாக 2007 முதல் தமிழகமெங்கும் பரவியது. பாய், குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை, படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல் எனத் தொடக்க வகுப்பறையின் தோற்றமே மாறியது. அட்டை இயந்திரத்தனமாகிறது, ஆசிரியரின் குரல் குறைகிறது என்ற விமர்சனங்கள் எழுந்தன. அவற்றில் நியாயம் உண்டு. ஆனால் அவை அட்டையின் தரத்தைப் பற்றியவை, நடமாட்டத்தைப் பற்றியவை அல்ல.

வலுவான மறுப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. ஆந்திரத்தில் 2019இல் தொடங்கிய 'மன பாடி நாடு–நேடு' திட்டம் அரசுப் பள்ளிகளுக்கு இருவர் அமரும் பெஞ்சுகளைக் கொடுத்தது. தலைமுறைகளாகத் தரையில் உட்காரவைக்கப்பட்ட குடும்பங்களுக்குப் பெஞ்சு என்பது மரியாதை. சித்தூரிலோ திருப்பதியிலோ ஒரு தாயிடம் போய், "உங்கள் பிள்ளைக்குப் பாயே போதும்" என்று சொல்லும் உரிமை எந்த ஆய்வாளருக்கும் இல்லை. கால் மடக்க முடியாத குழந்தைக்குத் தரை தண்டனையும்கூட. ஆனாலும் இருக்கையும் மேசையும் ஒரே இரும்புச் சட்டத்தில் பொருத்தப்பட்ட அந்தப் பெஞ்சில், ஒருவன் காலாட்டினால் பக்கத்திலிருப்பவனின் எழுத்தும் கோணும்; அதை நகர்த்தும் வலுவும் சிறு பிள்ளைகளுக்கு இல்லை.

ஆகவே பெஞ்சை அகற்ற வேண்டியதில்லை. அறையை முழுக்க அதனால் நிரப்பாமலிருந்தால் போதும். பாதி அறையில் பெஞ்சு, மீதியில் பாயும் தாழ்மேசையும், எதிர்ச் சுவரில் அட்டை அலமாரி. இந்த ஏற்பாடு எல்லோருக்குமாக இருக்கச் சட்டம் சார்ந்த காரணமும் உண்டு: 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடு உண்டு, மிகையியக்கக் கோளாறு இல்லை. மாற்றுத்திறன் சான்றிதழை எதிர்பார்த்திருந்தால் இக்குழந்தைகளில் பலருக்கு எதுவும் கிடைக்காது. எல்லோருக்குமான ஏற்பாட்டுக்கோ சான்றிதழே தேவையில்லை. நாடு–நேடு பணிகள் பெற்றோர் குழுக்கள் வழியாகவே நடந்தன. அறையை இப்படி அமைப்பது பற்றியும் அந்தக் குழுக்களிடமே முதலில் பேச வேண்டும்.