எதிரியின் மொழி, பேராசிரியரின் மொழி

ஒரு மொழி பல்கலைக்கழகத்துக்குள் பாடமாக நுழைவது அதன் இலக்கிய மேன்மையால்தான் என்று நம்ப நமக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டிருக்கிறது. தமிழ் எம்.ஏ. படித்த எனக்கும் அந்தப் பயிற்சி உண்டு. தொன்மை, வளம், இனிமை என்று பட்டியல் போட்டுவிட்டால் துறை தானாக வந்துவிடும் என்கிற நினைப்பு. அமெரிக்காவில் ஜப்பானிய மொழியும் இலக்கியமும் பல்கலைக்கழகத் துறையாக வளர்ந்த கதையைப் படித்தால் இந்த நினைப்பு ஆட்டம் கண்டுவிடுகிறது.

மேன்மைக்கு அங்கே குறைச்சல் இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய 'கெஞ்சியின் கதை'யை ஆர்தர் வேலி 1925க்கும் 1933க்கும் இடையில் ஆங்கிலத்தில் கொண்டுவந்துவிட்டார். படித்தவர்கள் மெச்சினார்கள். ஆனால் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரியுசாகு சுனோதா 1941இல் ஜப்பானியச் சிந்தனை வரலாறு நடத்த வந்தபோது, தொடக்கத்தில் பதிவு செய்திருந்தவர் ஒரே ஒரு மாணவர். டொனால்டு கீன் என்று பெயர். மேன்மை திரட்டிக் கொடுத்த கூட்டம் அவ்வளவுதான்.

கூட்டத்தைத் திரட்டியது யுத்தம். முத்துத் துறைமுகத் தாக்குதலுக்கு இரண்டு மாதம் முன்பே, 1941 அக்டோபரில், அமெரிக்கக் கடற்படை ஹார்வர்டிலும் பெர்க்லியிலும் ஜப்பானிய மொழி வகுப்புகளைத் தொடங்கியிருந்தது. நவம்பரில் தரைப்படை சான் பிரான்சிஸ்கோவில் கைவிடப்பட்ட ஒரு விமானக் கொட்டகையில் தன் பள்ளியைத் திறந்தது. எதிரியின் கட்டளையைப் படிக்க, கைதியை விசாரிக்க, இடைமறித்த செய்தியைப் பெயர்க்க ஆள் வேண்டும். அறிவும் அதிகாரமும் பற்றி நாம் இங்கே நிறையப் பேசியிருக்கிறோம். எட்வர்ட் சைத்தின் 'கீழைத்தேயவியல்' (1978) பிரதிகளின் ஊடாகக் காட்டிய உறவு இங்கே ஒளிவு மறைவின்றிச் சீருடை போட்டு நிற்கிறது.

இதில் யார் கற்பித்தார்கள் என்று கேட்டால் கதை இன்னும் சிக்கலாகிறது. 1942 பிப்ரவரி 19இல் ரூஸ்வெல்ட் 9066ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். மேற்குக் கடற்கரையிலிருந்து சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் வெளியேற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். பெர்க்லி வகுப்பின் ஆசிரியர்களில் பலர் இந்தச் சமூகத்தவர். ஆணைப்படி அவர்கள் அங்கே இருக்க முடியாது. அவர்கள் இல்லாமல் வகுப்பு நடக்க முடியாது. எனவே பள்ளியே கொலராடோ மாநிலத்துப் போல்டருக்குக் குடிபெயர்ந்தது. ரத்தத்தால் துரோகி என்று சந்தேகிக்கப்பட்டவர்தான் ராணுவ ரகசியம் படிக்கப்போகிறவனுக்கு வாத்தியார். ஆசிரியர்களாக இவர்களை ஏற்ற கடற்படை, மாணவர்களாக இவர்களுடைய பிள்ளைகளை ஏற்கவில்லை. தரைப்படை ஏற்றது. அதன் பள்ளியில் பயின்ற சுமார் 6,000 பேரில் பெரும்பாலோர் நிசெய், அதாவது அமெரிக்காவில் பிறந்த இரண்டாம் தலைமுறையினர். பலருடைய அப்பா அம்மா முள்கம்பிக்குள் இருந்தார்கள். சுனோதாவும் தப்பவில்லை. தாக்குதலை ஒட்டி எதிரி நாட்டவர் என்று பிடித்து வைக்கப்பட்டு, விசாரணைக்குப் பிறகு 1942இல் விடுதலையாகி, மறுபடி வகுப்புக்கு வந்தார்.

இத்தோடு நிறுத்தி, 'எல்லாம் அதிகாரத்தின் சூழ்ச்சி' என்று எழுதிவிட்டுப் போகலாம். சுலபமான வேலை. ஆனால் மொழி அப்படிச் சொன்னபடி கேட்கிற சாமான் இல்லை. கீன் கடற்படைப் பள்ளியில் சேர்ந்தார். ஹவாயில் அவருக்கு வந்த வேலைகளில் ஒன்று, செத்துப்போன ஜப்பானியச் சிப்பாய்களின் நாட்குறிப்புகளைப் படித்துத் தகவல் எடுப்பது. ரத்தக் கறையும் நாற்றமும் கொண்ட காகிதங்கள். பசி, காய்ச்சல், ஊர் ஞாபகம், சாகப்போகிறோம் என்ற தெளிவு. சிலவற்றின் கடைசிப் பக்கத்தில், இதைக் கண்டெடுக்கிறவர் தன் குடும்பத்திடம் சேர்த்துவிட வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அப்படிப்பட்டவற்றைக் கீன் மேசையில் ஒளித்து வைத்தார். ராணுவம் பறித்துக்கொண்டது. உளவுக்காகக் கற்ற மொழி ஒருவனை இறந்த எதிரிக்குக் கடன்பட்டவனாக ஆக்கிவிட்டது. பின்னாளில் ஜப்பானிய நாட்குறிப்பு இலக்கியம் பற்றி அவர் விரிவாக எழுதியதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

யுத்தம் முடிந்தது. படைவீரர்கள் பேராசிரியர்களானார்கள். கீன், எட்வர்ட் செய்டென்ஸ்டிக்கர், தியோடர் டி பாரி எல்லோரும் கடற்படைப் பள்ளி மாணவர்கள். துறைகள் இவர்கள் பெயரால் அறியப்பட்டன. கற்றுக்கொடுத்தவர்கள் நன்றியுரைகளுக்குள் ஒதுங்கினார்கள். 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. மறு வருஷமே அமெரிக்கா ஒரு கல்விச் சட்டம் போட்டது. தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் என்பது அதன் பெயர். பெயரிலேயே பாதுகாப்பு இருக்கிறது. ஜப்பானியம், சீனம் போன்ற மொழிகளுக்கு மையங்களும் உதவித்தொகைகளும் இதிலிருந்து வந்தன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தமிழ் வகுப்புகளுக்கும் இதே சட்டத்தின் பணம் போயிருக்கிறது. 'வெளிநாட்டான் தமிழின் பெருமையை உணர்ந்துகொண்டான்' என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

பணம் எதைப் படிக்கச் சொன்னது என்று நேரடியாக நிரூபிக்க முடியாது. எது படிக்கக் கிடைத்தது என்று பார்க்கலாம். செய்டென்ஸ்டிக்கரின் மொழிபெயர்ப்பில் கவபத்தாவின் 'பனி நாடு' 1956இல் வந்தது. 1968இல் கவபத்தாவுக்கு நோபல் கிடைத்தது. கவபத்தா, தனிசாகி, மிஷிமா என்ற மூவரே ஆங்கில வாசகனுக்கு ஜப்பானிய இலக்கியமாக ஆனதை எட்வர்ட் ஃபவுலர் 1992இல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். மென்மை, சோகம், சொல்லாமல் விடுவது. நேற்றுவரை வெறியன் என்று சித்திரிக்கப்பட்டவன், பனிப்போரில் கூட்டாளி ஆனபிறகு கேட்கத் தோதான குரல்.

இன்னொரு குரலும் இருந்தது. கொபயாஷி தகிஜியின் 'கனிகோசென்' 1929இல் வெளியான நாவல். நண்டு பிடித்து டப்பாவில் அடைக்கும் கப்பலில் கூலிகள் எதிர்த்து நிற்கிற கதை. 1933இல் போலீஸ் அவரைச் சித்திரவதை செய்து கொன்றது. கீன் தன் 1956 தொகுப்பில் அதன் ஒரு பகுதியைச் சேர்த்திருக்கிறார் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. ஆனால் தொகுப்பில் ஒரு துண்டு வேறு, நூலகத் தட்டில் வரிசையாக நிற்கும் நாவல்கள் வேறு. 2008இல் நிரந்தர வேலையற்ற இளைஞர்கள் ஜப்பானில் அதை லட்சக்கணக்கில் வாங்கிப் படித்தார்கள். தமிழில் நாம் படித்த ஜப்பானியக் கதைகள் பெரும்பாலும் ஆங்கிலம் வழி வந்தவை. எனக்குத் தெரிந்த கவபத்தா, செய்டென்ஸ்டிக்கரின் கவபத்தா. அதாவது அந்தப் போல்டர் வகுப்பறை என் வாசிப்புக்குள்ளும் இருக்கிறது.

துறைக்குள்ளிருந்தே எதிர்ப்பும் வந்தது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1968இல், ஆசியாவைப் படித்த ஆய்வாளர்களும் மாணவர்களும் 'அக்கறையுள்ள ஆசிய ஆய்வாளர் குழு'வைத் தொடங்கினார்கள். எங்கள் மொழியறிவு யாருக்குப் போகிறது என்று தங்கள் ஆசிரியர்களையே கேட்டார்கள். அவர்களில் ஒருவரான ஜான் டவர், கனடிய வரலாற்றாசிரியர் இ.ஹெச். நார்மனின் எழுத்துக்களை 1975இல் மறுபடி பதிப்பித்தார். ஜப்பானிய நவீன அரசை அடித்தளத்து மக்கள் பக்கமிருந்து எழுதிய நார்மன், கம்யூனிஸ்டு வேட்டையின் நெருக்கடியில் 1957இல் கெய்ரோவில் தற்கொலை செய்துகொண்டவர். பாதுகாப்புச் சட்டத்தின் காசில் மொழி கற்ற தலைமுறையிலிருந்துதான் இந்தக் கேள்வி எழுந்தது.

ஆகவே, அரசு காசு கொடுத்ததால் அறிவு முழுக்கக் கறைபட்டது என்றும் நான் சொல்லவில்லை. இலக்கியம் எல்லாக் கறையையும் கழுவிவிடும் என்றும் சொல்லவில்லை. ஒரு மொழித்துறையைப் பார்க்கும்போது கேட்க வேண்டியவை மூன்று. காசு யாருடையது? வாத்தியார் எங்கிருந்து வந்தார், அவர் வீட்டார் அப்போது எங்கே இருந்தார்கள்? எந்தப் புத்தகம் தட்டுக்கு வரவில்லை? தமிழ்த்துறைகளிடம் இந்த மூன்றையும் கேட்க நமக்குக் கடற்படை ஒன்றும் தேவையில்லை.