ஹாலே சந்தைவெளியும் நம் தமிழும்



கோடை விடுமுறையில் சபை வாலிபர்களாக ஹாலே நகருக்குப் போய் வந்தோம். சாலே ஆற்றங்கரையில் உப்புக் காய்ச்சி வளர்ந்த பழைய வணிக நகரம் அது. புறப்படும்போதே ஒரு தம்பி கேட்டான்: “அக்கா, ஜேர்மனியில் தமிழ் படித்து என்ன பிரயோசனம்?” அப்போது எங்களிடம் சரியான பதில் இருக்கவில்லை.

சந்தைவெளியில் ஐந்து கோபுரங்கள் நிற்கின்றன. நான்கு சந்தை ஆலயத்துக்குரியவை. ஐந்தாவது தனித்து நிற்கும் சிவப்புக் கோபுரம். லூத்தர் பிரசங்கித்த ஆலயம் அது. 1685இல் இந்நகரில் பிறந்த இசைமேதை ஹென்டல் ஞானஸ்நானம் பெற்றதும் அங்கேதான். சதுக்கத்தின் நடுவே அவருடைய சிலை.

அங்கிருந்து சிறிது தூரம் நடந்து பிராங்கே நிறுவனங்களை அடைந்தோம். 1695இல் போதகர் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே தம் வீட்டுக் காணிக்கைப் பெட்டியில் 4 தாலரும் 16 குரோஷனும் கண்டார். அதை மூலதனமாக வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அது அநாதை இல்லம், மருந்தகம், அச்சகம் என்று ஒரு சிறு நகரமாகவே வளர்ந்தது. 1717 முதல் யோகான் யுங்கர் என்ற மருத்துவர் ஏழை நோயாளிகளின் படுக்கையருகிலேயே மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். தாதியராகிய எங்களுக்கு அந்த இடத்தைவிட்டு நகர மனம் வரவில்லை. நாங்களும் அப்படித்தானே கற்றோம்.

ஹாலேயில் படித்த சீகன்பால்கு, புளூட்சோவுடன் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார். அங்கே சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதி நம் எழுத்தைக் கற்றார். அவர்கள் அனுப்பிய மாதிரிகளைப் பார்த்து, தமிழ் அறியாத ஹாலேத் தொழிலாளர்கள் ஈய எழுத்துகளை வார்த்தார்கள். அவை 1713இல் தரங்கம்பாடி சேர்ந்தன. அளவில் பெரிதாக இருந்ததால் காகிதம் அதிகம் பிடித்தது. பின்பு அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில் நிறைவேறியது.

ஆனால் நாம் மறந்துவிடும் பெயர் ஒன்று உண்டு: மலையப்பன். அந்தத் தமிழ் இளைஞர் சீகன்பால்குவோடு 1714இல் கப்பலேறி ஐரோப்பா வந்து, ஹாலேயிலும் தங்கினார். 1716இல் சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் இதே நகரில் அச்சானது. நம்மைப் போலவே குளிரையும் புரியாத மொழியையும் அவர் சகித்திருப்பார். அந்நாளில் அவருடைய தமிழ் இங்கே பாரமாக இருக்கவில்லை. தேடப்படும் பொருளாக இருந்தது.

அரும்பொருள் அறையில் தமிழ் ஓலையைக் கண்டதும் அந்தத் தம்பி கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டான். “புள்ளியையே காணோம், எப்படி வாசிப்பது?” என்றான். ஓலை கிழியும் என்பதால் புள்ளி வைக்கமாட்டார்கள், சொல்லை அறிந்தவர்தான் சரியாக வாசிப்பார் என்று விளக்கினோம்.

திரும்பும் ரயிலில் அவன் கைபேசியில் தமிழ் எழுத்துகளைத் தேடிக்கொண்டிருந்தான். காலையில் கேட்ட கேள்வியை மறுபடி கேட்கவில்லை. பிள்ளைகளே, நம் தாய்மொழிக்கு இந்த நாட்டில் முந்நூறு ஆண்டு வயதுள்ள வீடு ஒன்று இருக்கிறது. ஒருநாள் போய்ப் பாருங்கள்.