குழாய், பானை, பெட்டி: வாசலுக்குப் பாட்டு வந்த கதை



எங்க சேலம், நாமக்கல் பக்கம் "அவங்க வீட்டுல ரேடியோ கட்டியிருக்காங்க"ன்னு சொன்னா, வீட்டுக்குள்ள ரேடியோ பெட்டி இருக்குன்னு அர்த்தம் இல்லை. வாசல்ல பந்தல் போட்டு, வேப்ப மரத்து உச்சியில ரெண்டு குழாய் ஸ்பீக்கரை ஆளுக்கொரு திசையாப் பாக்க வெச்சுக் கட்டியிருக்காங்கன்னு அர்த்தம். கல்யாணமோ, காதுகுத்தோ, மாரியம்மன் பண்டிகையோ, விசேஷம் நடக்குதுங்கறதை பத்திரிகையை விட அந்தக் குழாய்தான் ஊருக்கு நல்லாச் சொல்லும்.

இப்போ ஆசை வேற. சாயங்காலம் வாசல்லயோ மொட்டை மாடியிலயோ நாற்காலியைப் போட்டு உக்காந்து, ரெண்டு சின்ன ஸ்பீக்கர்ல நாம மட்டும் பாட்டுக் கேக்கணும். செலவும் கம்மியா ஆகணும். இந்த ஆசைக்கும் அந்தக் குழாய்க்கும் நடுவுல நூறு வருசக் கதை இருக்கு. அதைத் தெரிஞ்சுக்கிட்டா எதை வாங்கறது, எங்க மாட்டறதுன்னு தன்னால புரியும்கறது என் கட்சி.

மைக்கு வர்றதுக்கு முன்னாடி திறந்த வெளியில சத்தம் போக ரெண்டே வழி. ஒண்ணு, தொண்டை. கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள் மாதிரியான நாடகக்காரங்க மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் பாடினவங்க. இன்னொண்ணு, தண்டோரா. ஊர் ஊரா, தெருத் தெருவா தப்பு அடிச்சுச் சேதி சொல்ற அந்த வேலையை யார் தலையில கட்டி வெச்சிருந்தாங்கன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். இவ்வளவு ஒலிபெருக்கி வந்த பிறகும் அது சும்மா போயிடலை. 2022 ஆகஸ்ட்ல தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோரா போடறதை நிறுத்தணும், வண்டியில ஒலிபெருக்கி கட்டிச் சொன்னாப் போதும்னு கலெக்டர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஸ்பீக்கர்ங்கறது வெறும் பாட்டுச் சமாச்சாரம் இல்லைங்க.

சரி, குழாய்க்கு வருவோம். 1915-ல அமெரிக்காவுல கலிஃபோர்னியா பக்கம் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம்னு ரெண்டு பேரு, காந்தத்துக்கு நடுவுல ஆடற ஒரு கம்பிச் சுருளை கிராமஃபோன் குழாயோட சேர்த்துப் பாத்தாங்க. மேக்னவாக்ஸ்னு பேரு வெச்சாங்க. 1919-ல சான் டியேகோவுல ஜனாதிபதி வில்சன் பேசினப்போ, திரண்டு வந்த கூட்டத்துக்கு அது மூலமாத்தான் பேச்சு போய்ச் சேர்ந்தது. நம்ம நாட்டுலயும் சீக்கிரமே வந்துடுச்சு. காந்தி, நேரு பேசற பழைய படங்கள்ல மைக்கு மேல 'சிகாகோ ரேடியோ'ன்னு எழுதியிருக்கும், பாத்திருப்பீங்க. பேருதான் சிகாகோ, கம்பெனி சிந்து மாகாணத்துல ஆரம்பிச்ச மோட்வானே குடும்பத்தோடது. நம்ம ரேடியோ செட்டுக்காரங்க பேச்சுல அடிக்கடி அடிபடற அஹுஜா, 1940-ல ஆரம்பிச்சது.

தமிழ்நாட்டுல பொது இடத்துல காசில்லாமப் பாட்டுக் கேக்க வெச்ச பெருமை மெட்ராஸ் கார்ப்பரேஷனுக்கு உண்டு. 1924-ல கிருஷ்ணசாமி செட்டி முயற்சியில ஆரம்பிச்ச ரேடியோ கிளப் 1927-ல காசில்லாம படுத்துடுச்சு. அதை கார்ப்பரேஷன் எடுத்து 1930 ஏப்ரல் 1-ந்தேதி ஒலிபரப்பை ஆரம்பிச்சு, மெரினாவுலயும் பார்க்குகள்லயும் ஜனங்க கேக்கற மாதிரி ஸ்பீக்கர் வெச்சது. 1938-ல ஆல் இந்தியா ரேடியோ மெட்ராஸுக்கு வந்தது, 1939-ல திருச்சிக்கு வந்தது. அப்புறம் கிராமங்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோ வந்தது. சாயங்காலம் ரேடியோ ரூம் முன்னாடி உக்காந்து சேதியும் விவசாய நிகழ்ச்சியும் கேட்டுட்டுப் போவாங்க. 1960-கள்ல திருச்சி வானொலியில கேட்டுக் கேட்டே ஏ.டி.டி.27 நெல்லை தஞ்சாவூர்க்காரங்க நட்டு, அதுக்கு 'ரேடியோ நெல்லு'ன்னே பேரு வெச்சாங்க.

ஆனா சேலத்துக் கிராமத்துல கரண்டு எங்க இருந்தது? மேட்டூர் அணை 1934-ல திறந்தாச்சு, அங்க மின்சாரம் எடுக்க ஆரம்பிச்சது 1937-ல. அது மோட்டார் ரூம் வரைக்கும் வந்து, அப்புறம் எல்லா வீட்டுக்கும் வந்து சேர இன்னும் பல வருசம் ஆச்சு. அதனாலதான் ரேடியோக்காரர் சைக்கிள்லயோ வண்டியிலயோ ஆம்ப்ளிஃபயரோட 12 வோல்ட் பேட்டரியையும் தூக்கிட்டு வருவார். இங்கதான் குழாயோட மகிமை இருக்கு. கொஞ்சம் கணக்கு போடறேன், ஓடிடாதீங்க.

ஒரு வாட் கொடுத்தா ஒரு மீட்டர் தள்ளி எவ்வளவு சத்தம் கேக்குதுங்கறதுதான் ஸ்பீக்கரோட திறமை. சின்னப் பெட்டி ஸ்பீக்கர்னா சுமார் 85 டெசிபல். குழாய்னா சுமார் 105. வெறும் 20தானேன்னு நினைக்காதீங்க. ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் பத்து மடங்கு வாட் வேணும். அப்போ குழாய் ஒரு வாட்ல செய்யறதை பெட்டி செய்யணும்னா 100 வாட் வேணும்! இன்னொரு விதி: திறந்த வெளியில தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் 6 டெசிபல் குறையும். 30 வாட்ல ஓடற குழாய்க்கு ஒரு மீட்டர்ல 120 டெசிபல். அதையே ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போட்டுப் பாருங்க, கணக்குப்படி 60 வருது. ரெண்டு பேரு எதிரெதிரே உக்காந்து பேசற சத்தம்! காத்தும் மரமும் கொஞ்சம் தின்னுடும்தான். ஆனா காத்து அடங்கின ராத்திரியில, பொட்டல் காடா இருக்கற நம்ம பக்கம், அடுத்த ஊர்க் கல்யாணப் பாட்டு வார்த்தை வார்த்தையாக் கேட்டதுல ஆச்சரியமே இல்லை. இதையே பெட்டியில செய்யணும்னா 3000 வாட். பேட்டரிக்கு எங்க போறது?

குழாய்க்கு ஒரு குறை உண்டு. அடித்தொனி வராது. அதனால நாயனம் காதைத் துளைக்கும், தவில் தகரம் தட்டற மாதிரி இருக்கும். பேச்சு மட்டும் கணீர்னு வரும். அதனாலதான் 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'திருவிளையாடல்' வசனத் தட்டு எல்லாம் ரேடியோ செட்டுல அந்தப் போடு போட்டது. காலையில சீர்காழி கோவிந்தராஜன் பிள்ளையாரைப் பாடி ஆரம்பிச்சா, 'சாரதா' (1962) படத்து மருமகள் பாட்டு இல்லாம எந்தக் கல்யாண வீடும் முடியாது. ஆடி மாசம் சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகைன்னா எல்.ஆர்.ஈஸ்வரி. டென்ட் கொட்டாயில படம் போடப் போறாங்கன்னா, குழாய்ல வர்ற சாமி பாட்டை வெச்சே சுத்துப்பட்டு ஊர்க்காரங்க சோத்தைத் தின்னுட்டுக் கிளம்புவாங்க.

அப்போ குழாய்தான் உசத்தியா? இங்கதான் நாம கொசுவத்தியை அணைச்சுட்டு யோசிக்கணும். எட்டற தூரம்ங்கறது கேக்கறவனைக் கேட்டுக்கிட்டு வர்றது இல்லை. பரிட்சைக்குப் படிக்கற புள்ளைக்கும் கேக்கும், நோய்ல படுத்திருக்கற பெரியவருக்கும் கேக்கும், இழவு விழுந்த வீட்டுக்கும் கேக்கும். நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணைக்காரங்களைக் கேட்டுப் பாருங்க, திடீர்னு பெருஞ்சத்தம் வந்தா கோழிங்க மிரண்டு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கறதைச் சொல்லுவாங்க. வருசத்துக்கு நாலு நாள்னா ஊர் பொறுத்துக்கும். தினமும்னா?

ஒலி மாசு விதிகள் 2000-ல வந்தது. குடியிருக்கற பகுதிக்குப் பகல்ல 55 டெசிபல், ராத்திரி 10 மணியில இருந்து காலை 6 வரைக்கும் 45. 2005 ஜூலையில சுப்ரீம் கோர்ட்டு, சொந்த வீட்டுல போடற பாட்டுக்கும் அளவு சொன்னது: வீட்டு எல்லையில அந்தப் பகுதி அளவை விட 5 டெசிபலுக்கு மேல தாண்டக் கூடாது. பிறகு விதியிலயும் அது ஏறிடுச்சு. திருவிழான்னா கூம்பு வடிவக் குழாய் கூடாது, பெட்டி ஸ்பீக்கர்தான்னு போலீஸ் நிபந்தனை போடறது நமக்குப் பழகிப் போச்சு. அதனால பல ரேடியோக்காரங்க குழாயைப் பரண்ல போட்டுட்டு பந்தல், லைட்டுன்னு வேற தொழிலைச் சேர்த்துக்கிட்டாங்க. அந்த வருத்தமும் நிசம்தான்.

குழாய்க்கும் பெட்டிக்கும் நடுவுல நம்ம ஆளுங்க கண்டுபிடிச்ச ஒண்ணை எந்தப் புத்தகத்துலயும் அவ்வளவாக் காணோம். பானை ஸ்பீக்கர்! கேசட்டு ஓடின காலத்துல டீக்கடை, சலூன், தறிப் பட்டறைன்னு எங்க பாத்தாலும் இருக்கும். ஆறு இஞ்ச் ஸ்பீக்கரை மண் பானை வாயில கவுத்து ஒட்டி, ஓட்டை போட்டு ஒயரை வெளிய எடுத்து, உறி மாதிரி தொங்க விட்டா 'கும்'முனு சத்தம் வரும்.

ஏன் வருது? 1925-ல ரைஸ், கெல்லாக்னு ரெண்டு இஞ்சினியருங்க இன்னைக்கு நாம பாக்கற காகிதக் கூம்பு ஸ்பீக்கரை உருவாக்கினாங்க. அந்தக் கூம்பு முன்னால தள்ளும்போது பின்னால இழுக்குது. முன்னால வர்ற அலையும் பின்னால வர்றதும் சுத்தி வந்து சேர்ந்தா, அடித்தொனி ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு காணாமப் போயிடும். நடுவுல ஒரு தடுப்பு வேணும். அதைப் பெட்டி செய்யுது, பானையும் செய்யுது. 1954-ல எட்கர் வில்ச்சர், காத்துப் புகாம மூடின சின்னப் பெட்டியிலயே நல்ல அடித்தொனி வரும்னு செஞ்சு காட்டினார். நம்ம டீக்கடைக்காரர் அவரைப் படிச்சுட்டுப் பானையை மாட்டலை. காதால கேட்டு, நல்லா இருக்குன்னு மாட்டினார். மரப்பெட்டி வாங்கக் காசில்லை, பானை சல்லிசு, அவ்வளவுதான். பானை டீக்கடை பெஞ்சு வரைக்கும்தான் எட்டும், ஊருக்கு எட்டாது. அதுதான் அதோட அழகு.

இப்போ நம்ம வாசலுக்கு வருவோம். குழாய் பிறந்த காலத்துல வாட் விலை ஜாஸ்தி, அதனால கொஞ்ச வாட்ல ரொம்ப தூரம் போகணும். இன்னைக்கு உள்ளங்கை அளவு ஆம்ப்ளிஃபயர் போர்டு சில நூறு ரூபாய். வாட் சல்லிசாயிடுச்சு, தூரம்தான் பிரச்சினை. "எது வரைக்கும் கேக்கும்"னு கேட்ட காலம் போய், "எங்க நிக்கும்"னு கேக்கற காலம் வந்தாச்சு.

கணக்கு போட்டே பாருங்க. ரெண்டு மீட்டர் தள்ளிச் சுவத்து உச்சியில ஸ்பீக்கர் மாட்டி, உங்க காதுல 70 டெசிபல் வர்ற மாதிரி வெச்சா, எட்டு மீட்டர்ல இருக்கற காம்பவுண்டுச் சுவர்கிட்ட 58. பகல்ல தப்பிக்கலாம், ராத்திரி முடியாது. அதே ஸ்பீக்கரைக் காதுக்கு ஒரு மீட்டர்ல, உக்காந்த உசரத்துலயே வெச்சு 65-க்குக் குறைச்சா, காம்பவுண்டுல 47தான். பத்து மணிக்கு மேலயும் பக்கத்து வீட்டுக்காரர் நிம்மதியாத் தூங்குவார். இதுக்கு ஒரு வாட்ல நூத்துல ஒரு பங்கு போதும்! அதனால பெரிய வாட் போட்ட அட்டைப்பெட்டியைப் பாத்து மயங்காதீங்க.

மத்தபடி விஷயம் சின்னது. பழைய குழாய் சல்லிசாக் கிடைக்குதுன்னு வீட்டுக்கு வாங்கிடாதீங்க. காகிதக் கூம்பு மழைச் சாரல்ல ஊறிடும், பிளாஸ்டிக் கூம்பு பாத்து வாங்குங்க. கூரைக்கு அடியில மாட்டுங்க, வெயில் நேரா படக் கூடாது. ஸ்பீக்கர் மூஞ்சி நம்ம வீட்டைப் பாத்து இருக்கணும், தெருவைப் பாத்து இல்லை. ஆறு இஞ்ச் ஸ்பீக்கரும் சந்தையில வாங்கின பானையும் இருந்தாலே ஒரு நல்ல சாயங்காலத்துக்குப் போதும். குயவர்கிட்ட சொன்னா வாய் அளவுக்கு வனைஞ்சும் தருவார்.

எங்க பக்கம் 'ரேடியோ கட்டறது'ங்கறோம். உங்க ஊர்ல மைக் செட்டா, குழாயா, புனலா? பானை ஸ்பீக்கர் இன்னும் எங்கயாவது தொங்குதா? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க, சேத்து வெப்போம்.