பொலோன்யாவின் அஞ்சல்வழி ஆசான்

இசை வளர்த்த ஆசான்கள் – 14

1770 அக்டோபர் 9. இத்தாலியின் பொலோன்யா நகரம். அக்காதெமியா ஃபிலார்மோனிகா என்ற புகழ்பெற்ற இசைச் சபை, பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைத் தனியறையில் வைத்துப் பூட்டியது. தேவாலயங்களில் வழிவழியாகப் பாடிவந்த பழைய மெட்டு ஒன்றைக் கையில் கொடுத்திருந்தார்கள். அதைக் கீழ்க்குரலாக வைத்துக்கொண்டு, மேலே மூன்று குரல்களுக்குப் பழைய இலக்கணம் வழுவாமல் இசை எழுதித் தரவேண்டும். சபையில் உறுப்பினராவதற்கான தேர்வு அது.

சிறுவன் ஒரு மணி நேரத்துக்குள் எழுதி முடித்தான். பெயர் வோல்ஃப்காங் மொசார்ட். அந்தத் தேர்வுக்கு இன்று மூன்று பிரதிகள் இருக்கின்றன. ஒன்று, அவன் எழுதியது. இலக்கணப்படி பார்த்தால் அதில் குறைகள் உண்டு. இரண்டாவது, அதே மெட்டை ஒரு பெரியவர் செம்மையாக எழுதிக் காட்டியது. மூன்றாவது, அந்தச் செம்மையான வடிவத்தைச் சிறுவன் தன் கையால் பார்த்து எழுதியது. சபை, சூழ்நிலையைக் கருதினால் அவன் எழுதியது போதுமானது என்று தன் குறிப்பேட்டில் அளவோடு பதிந்துகொண்டு அவனைச் சேர்த்துக்கொண்டது.

இரண்டாவது தாளை எழுதியவர் பாதிரியார் ஜியோவான்னி பத்தீஸ்தா மார்த்தினி. பிற்காலத்தில் சிலர் இதை முறைகேடு என்றார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஓபராவிலும் சிம்ஃபொனியிலும் வளர்ந்த பிள்ளைக்கு, இருநூறு ஆண்டுப் பழைய பாணி பழகியிராதது இயல்பு. தவறைச் சுட்டியதோடு நிற்காமல், சரியானது எப்படி இருக்கும் என்று எழுதிக் காட்டி, அதைக் கைப்பட எழுதவும் வைத்தவரை ஆசான் என்றுதான் சொல்லவேண்டும்.

உலகம் தேடிவந்த அறை

மார்த்தினி 1706-இல் பொலோன்யாவில் பிறந்தார். ஃபிரான்சிஸ்கன் துறவியாகி, 1725-இல், பத்தொன்பது வயதிலேயே, சான் ஃபிரான்செஸ்கோ தேவாலயத்தின் இசைத் தலைவரானார். அதன்பின் வாழ்நாள் முழுவதும் அந்த ஊர்தான், அந்த மடம்தான். 1770-இல் அவரைச் சந்தித்த ஆங்கில இசை வரலாற்றாசிரியர் சார்லஸ் பர்னி, ஓயாத இருமலும் வீங்கிய கால்களும் கொண்ட நோயாளியாக அவரைக் கண்டார். அவரிடம் சுமார் 17,000 நூல்கள் குவிந்திருந்ததாகவும் மதிப்பிட்டார்.

அவர் ஊரை விட்டு அசையாவிட்டாலும் அவர் கடிதங்கள் ஐரோப்பா முழுக்கப் போயின. அவருடைய கடிதப் போக்குவரத்தில் இன்று எஞ்சியிருப்பவை மட்டும் ஏறக்குறைய 6,000. இசையமைப்பாளர்கள், பாடகர்கள், அரசவைப் பிரமுகர்கள், புத்தக வியாபாரிகள் என்று எல்லாரும் அவருக்கு எழுதினார்கள். இலக்கணச் சந்தேகம், வேலைக்குச் சிபாரிசு, பழைய சுவடி பற்றிய விசாரணை எல்லாம் அந்த மேசைக்கு வந்து சேர்ந்தன.

அஞ்சலில் பாடம் கேட்டவர்களில் முக்கியமானவர் ஜோஹன் கிறிஸ்டியன் பாக். மாமேதை செபாஸ்டியன் பாக்கின் கடைசி மகன். மிலானில் இருந்தபடி, தான் எழுதிய தேவாலய இசையை மார்த்தினிக்கு அனுப்பித் திருத்தம் பெற்றார். 1762-இல் அவர் லண்டன் போய் ஓபராவில் பெயர் வாங்கிய பிறகும் இந்த உறவு அறுபடவில்லை. இசைக் கலைஞர்களின் உருவப்படங்களைச் சேர்த்துவந்த ஆசானுக்காக, கெய்ன்ஸ்பரோ என்ற பெரிய ஓவியரிடம் தன்னை வரையச் செய்து அனுப்பினார். 1764-இல் லண்டன் வந்த எட்டு வயது மொசார்ட்டை அன்போடு அரவணைத்தவரும் இதே பாக்தான்.

சால்ஸ்பர்கிலிருந்து ஒரு கடிதம்

1776 செப்டம்பர் 4. இருபது வயது மொசார்ட்டின் பெயரில் இத்தாலிய மொழியில் ஒரு கடிதம் மார்த்தினிக்குப் போகிறது. கூடவே, முந்தைய ஆண்டு மியூனிக்கில் அரங்கேறிய ஒரு தேவாலய இசைப் படைப்பு. பல குரல்கள் தனித்தனி மெட்டில் நடந்தும் ஒன்றோடொன்று இசைந்து வரும் கவுன்டர்பாயின்ட் முறையில் எழுதியது. உங்கள் கருத்தை ஒளிக்காமல் சொல்லுங்கள் என்று கேட்கிறார் மொசார்ட்.

கூடவே மனக்குறையும் கொட்டுகிறது. சால்ஸ்பர்கில் இசைக்கு மதிப்பில்லை; பேராயர் பூசை நடத்தினால், எக்காளமும் முரசும் சேர்ந்த பெரும் பூசையானாலும், முழு வழிபாடும் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்தாகவேண்டும். இந்த நெருக்கடிக்குள் எழுதத் தனிப் பயிற்சி தேவை என்கிறார். தான் மிகவும் மதிக்கும் மனிதரை விட்டு இவ்வளவு தொலைவில் இருப்பதே தன் வருத்தம் என்றும் எழுதுகிறார்.

எழுபது வயது மார்த்தினி டிசம்பர் 18-இல் பதில் எழுதினார். நல்ல இசைவு, சுருதி மாற்றங்களின் வளம், அளவான வயலின் நடை, இயல்பாக ஓடும் குரல்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பாராட்டினார். நவீன இசை கேட்பதெல்லாம் இதில் இருக்கிறது என்பது அவர் தீர்ப்பு. வாழ்நாள் முழுவதும் பயிற்சி கேட்கும் கலை இது, விட்டுவிடாதே என்றும் சொல்லி முடித்தார். பழைய இலக்கணத்தின் காவலர் என்று பெயரெடுத்தவர், புதிய இசையின் நயங்களை இத்தனை துல்லியமாகக் காண்கிறார்! தன் காலத்துச் சுவையை இளைஞன்மேல் சுமத்தாமல், அவன் எங்கே நிற்கிறான் என்று பார்த்து எழுதிய பதில் அது. என்னைப் பொறுத்தவரை, அவர் எழுதிய கனத்த நூல்கள் எல்லாவற்றையும்விட இந்தப் பதிலே அவர் யார் என்பதைத் தெளிவாகச் சொல்கிறது.

1777-இல் மொசார்ட்டின் உருவப்படமும் பொலோன்யா போய்ச் சேர்ந்தது. போப்பாண்டவர் அளித்த பொற்குதிமுள் விருதை மார்பில் அணிந்த அந்தப் படம் இன்றும் அங்கே இருக்கிறது.

முடியாத நூல், முறியாத மரபு

மார்த்தினியின் ‘இசை வரலாறு’ மூன்று பாகங்கள் வெளிவந்தும் பழங்காலக் கிரேக்க இசையைத் தாண்டவில்லை. 1784-இல் அவர் மறைந்தபோது அது அரைகுறையாகவே நின்றது. ஆனால் அவர் கற்பித்தது நிற்கவில்லை. நெப்போலியன் காலத்தில் மடங்கள் மூடப்பட்டபோது, அவருடைய மாணவர் ஸ்தானிஸ்லாவோ மத்தேயி அந்த நூல்களையும் கடிதங்களையும் காப்பாற்றினார். பொலோன்யாவின் புதிய இசைக்கல்லூரியில் அவர் கவுன்டர்பாயின்ட் கற்பித்த வகுப்பில் ரோஸ்ஸினியும், பிறகு தோனிசெத்தியும் உட்கார்ந்தார்கள். இத்தாலிய ஓபராவின் இரு பெரும் பெயர்கள், அந்தத் துறவியின் மாணவருக்கு மாணவர்கள்!

மத்தேயி கண்டிப்பானவர். ரோஸ்ஸினியோ அவசரக்காரர். அந்த வகுப்பறைக்குள் அடுத்த வாரம் நுழைவோம்.

(தொடரும்)